இயல்புக்கு ஐந்தில் இரண்டு

அலுவலகத்தில் அவருக்கு முழுவாக்கியம் என்று பெயர். யார் வைத்தார்கள் என்பது தெரியாது, பொருத்தம் மட்டும் எல்லாருக்கும் தெரியும். "சாப்டாச்சா சார்?" என்று கேட்டால் உலகம் "ஆச்சு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போகும். இவர் நின்று, நேராகப் பார்த்து, "நான் சாப்பிட்டுவிட்டேன்" என்பார். எழுவாயும் பயனிலையும் கழுத்துப் பித்தான்வரை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்கிற மாதிரி இருக்கும்.

வீட்டிலும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் மனைவி, "என்னைப் புடிச்சிருக்கா?" என்று கேட்டாள். "உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது" என்று பதில் வந்தது. அவள் அதைக் கொஞ்ச நாள் காதல் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள், "கேஸ் தீந்துடுச்சா?" என்று கேட்டபோதும் அதே குரலில், அதே நிதானத்தில், "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று வந்ததும் தெளிந்தாள்.

நோய்க்கு மூலம் பள்ளிக்கூடம். ஆங்கில வாத்தியார் ஒரு பத்தியைக் கொடுப்பார், அடியில் ஐந்து கேள்விகள் இருக்கும். "கேள்வியோட வாலைப் புடிடா, அதையே பதிலுக்குத் தலையா வை. மொட்டைப் பதில் எழுதினா மார்க்கும் மொட்டைதான்." கணக்கு அவருக்கு வரவில்லை. அறிவியல் வந்து வந்து போனது. விளையாட்டில் பந்து அவர் பக்கம் வந்தால் இரண்டு அணிகளும் வருந்தின. ஆனால் பத்தியும் கேள்வியும் என்று வந்துவிட்டால் அவரை அடிக்க ஆளில்லை. உலகத்தில் பதில், கேள்விக்கு நேர் மேலேயே எழுதப்பட்டிருக்கிற இடம் அது ஒன்றுதான் என்பதை அந்த வயதிலேயே கண்டுகொண்டார். மற்ற இடங்களில் கேள்வி மட்டும்தான் இருந்தது.

அதன்பின் வாழ்க்கை அவரைக் கூரியர் அலுவலகத்தில் உட்கார வைத்தது, ஒரு அச்சகத்தில் நிற்க வைத்தது, மூடப்போகிற ஒரு டியூட்டோரியலில் கதவைச் சாத்தும் ஆளாகவும் வைத்தது. காதோரம் நரைத்த பிறகுதான் தகவல் எட்டியது: பத்தியைப் படித்துக் கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதினால் சம்பளம் தருகிறார்களாம். அவருக்கு முதலில் அது யாரோ செய்த கிண்டல் என்றே பட்டது. போய்ப் பார்த்தார். கிண்டல் இல்லை. எங்கோ தூரத்தில் ஒரு இயந்திரத்துக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். அதற்கு மாதிரி காட்ட மனிதர்கள் வேண்டும். திரையின் இடப்பக்கம் பத்தி, வலப்பக்கம் கேள்விகள், குளிரூட்டி, சுழல் நாற்காலி. பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு மெத்தை போட்டது போல.

சேரும்போது ஒரு கையெழுத்து வாங்கினார்கள். என்ன வேலை, யாருக்கு வேலை என்பதை வெளியே மூச்சுவிடக் கூடாது, வீட்டாரிடம்கூட. எல்லாரும் போட்டார்கள், எல்லாரும் வெளியே சொன்னார்கள். இவர் மட்டும் காப்பாற்றினார். மனைவி கேட்டபோது, "நான் ஆங்கிலத்தில் வேலை செய்கிறேன்" என்றார். அவள் அதைப் பக்கத்து வீட்டுக்கு, "அவருக்குக் கம்ப்யூட்டர்ல இங்கிலீஷ்" என்று பெயர்த்துச் சொன்னாள்.

எழுதிய பதில்கள் வேறொரு கம்பெனிக்குப் போகும். அங்கே பெயர் தெரியாத ஒருவர் பார்த்து இரண்டு மதிப்பெண் போடுவார். ஒன்று சரி, இன்னொன்று இயல்பு. எழுதுகிறவருக்கு ஒரு எண், பார்க்கிறவருக்கு ஒரு எழுத்து, அவ்வளவுதான் அறிமுகம். சரிக்கு அவருக்கு எப்போதும் ஐந்துக்கு ஐந்து. இயல்புக்கு ஐந்தில் இரண்டு. பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: 'இப்படி யாரும் பேச மாட்டார்கள்.'

குழுத்தலைவி அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவர் மகள் வயது இருக்கும். திட்டவேண்டிய இடத்திலெல்லாம் தண்ணீர் குடிக்கிற பெண்.

"சார், உங்க பதில் எல்லாமே கரெக்ட். அதுதான் பிரச்சனைன்னு நினைக்கிறேன்."

"என் பதில்கள் சரியாக இருப்பது எப்படிப் பிரச்சனையாகும்?"

"இதோ, இதுதான் சார். இப்ப இதையே நான்னா, 'அதெப்படி?'ன்னு கேட்டிருப்பேன்." தண்ணீர் குடித்தாள். "இயல்புக்கு மூணுக்குக் கீழ இருந்தா மாசக் கடைசில படப்பிரிவுக்கு மாத்தச் சொல்லிட்டாங்க. நான் என்ன சார் பண்ண?"

படப்பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. வாகன நிறுத்தத்தை ஒட்டிய ஜன்னலில்லா அறை. தெருப்படங்கள் வரும், அவற்றில் சைக்கிளைச் சுற்றிக் கோடிழுத்துப் பெட்டி போட வேண்டும். மிதிவண்டிக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கடைக்கு ஒரு பெட்டி. சம்பளம் அதேதான், நேரமும் அதேதான். ஆனால் அங்கே கேள்வியே கிடையாது. அவர் வாழ்க்கையில் தானாகச் செய்துகொண்ட ஒரே பொருள் அந்த ஆங்கிலம். அதைக் கழற்றி மாடியிலேயே மாட்டிவிட்டு இறங்கவேண்டும்.

பக்கத்து இருக்கையில் ஒரு பெண், எப்போதும் காதில் பாட்டு. பத்தியைப் பாதிகூடப் படிப்பதில்லை, இயல்புக்கு ஐந்து வாங்குவாள். அவளிடம் போய்க் கேட்டார்.

"பேசற மாதிரி எழுதுங்கண்ணா. சும்மா, ப்ரீயா."

"நான் யாரிடம் பேசுகிற மாதிரி எழுத வேண்டும்?"

அவள் ஒரு காதிலிருந்து பாட்டைக் கழற்றி அவரைப் பார்த்தாள். நியாயமான கேள்விதான். முழுவாக்கியம் ஆங்கிலத்தில் படித்திருக்கிறார், எழுதியிருக்கிறார், கனவில் இலக்கணப் பிழை கண்டு விழித்திருக்கிறார். பேசியதில்லை. ஆங்கிலத்தில் அவர் வாய் திறந்து பேசிய உயிர் ஒன்றே ஒன்று, வீட்டுச் சொந்தக்காரரின் நாய். அதுவும் கட்டளை வாக்கியம். நாயும் கேட்டதில்லை.

இந்தக் கவலையோடு அவர் உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் மச்சினன் சாப்பிட வந்தான். மனைவிக்கு ஒரே தம்பி. வாரம் தவறாமல் வருவான். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டில் "மாப்பிள்ளை குவாலிட்டில இருக்கார்" என்று சொல்லி வைத்திருந்தார்கள். எதன் குவாலிட்டி என்று அவர்களும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. அவனுக்கு ஆங்கிலம் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுபோல வரும். கொஞ்சம் கலங்கல்தான், ஆனால் நிற்காது. எதையும் 'பேசிக்கலி' என்று தொடங்கி 'யூ நோ' என்று முடிப்பான். நடுவில் ஏதாவது இருந்தால் அது நம் அதிர்ஷ்டம்.

"அக்கா, எங்க ஆபீஸ்ல ஒரு ஆள்கிட்ட மாட்டிக்கிட்டு நான் படற பாடு இருக்கே." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "வெளிய சொல்லக் கூடாதுதான். நீங்க என்ன வெளியா? எங்கிருந்தோ பதில் எழுதி அனுப்பறாங்க. நான் பாத்து மார்க் போடணும். அதுல ஒருத்தன், பேரு தெரியாது, நான் கல்லறைன்னு வச்சிருக்கேன்."

"ஏன்டா அப்படி?"

"கல்லறைல எழுதியிருக்குமே, இங்கே துயில்கிறார்னு, அந்த நடை. கதை என்னன்னா, ஒரு பாட்டி ஜன்னலைச் சாத்தியே வச்சிருக்கா. எதிர்ல கட்டடம் வருது, பாக்கப் புடிக்கல. ஏன் சாத்தினான்னு கேள்வி. அதுக்கு இந்த ஆள் எழுதியிருக்கான், தமிழ்ல சொல்றேன் கேளு." எழுந்து நின்று, எச்சில் கையை நெஞ்சில் படாமல் வைத்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்தான். "'அம்மூதாட்டி தம் சாளரத்தைத் திறவாது வைத்திருந்தமைக்குக் காரணம் யாதெனில், எதிரே எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தைக் காண்பதற்கு அவர் விரும்பாமையே ஆகும்.'"

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கரண்டி கைநழுவிக் குழம்புக்குள் முழுகியது. "டேய், அப்படியே உங்க மாமா மாதிரியே இருக்கேடா!"

"மாமா பரவாயில்லக்கா! மாமா 'யாதெனில்' சொல்லமாட்டார்!"

முழுவாக்கியமும் சிரித்தார். இரண்டு பருக்கை மூக்குக்குள் ஏறுகிற அளவுக்குச் சிரித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அன்று அந்தத் தட்டில் பூசணிக்காயே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தது, ஒருவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த வாக்கியத்தை அவர் மூன்று முறை அடித்து எழுதியிருந்தார். கடைசியாக வந்த வடிவம் அவருக்குப் பிடித்தும் இருந்தது.

வேறு ஒருவராக இருந்தால் கோபப்பட்டிருப்பார், இல்லை உண்மையைச் சொல்லியிருப்பார். இவர் கையெழுத்துப் போட்டவர். ஆனால் படித்ததைப் புரிந்துகொள்கிறவரும்கூட. ரசம் வருவதற்குள் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. இயல்பு என்பது எங்கோ கடல் தாண்டி இருக்கிற ஒரு பொருள் அல்ல. அது எதிர் இருக்கையில் அப்பளம் கடித்துக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை," என்றார், "நீங்கள் எனக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்க வேண்டும்."

மச்சினன் அகமகிழ்ந்து போனான். அந்த வீட்டில் அவனிடம் யாரும் எதையும் கற்க விரும்பியதில்லை. அதிலிருந்து ஞாயிறுதோறும் சாப்பாட்டுக்குப் பின் வகுப்பு நடந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் தூங்கப் போகிற மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முதல்ல மாமா, பதில் சொல்லணும்னு நினைக்கறதை விடுங்க."

"பதில் சொல்லாவிட்டால் கேள்வி என்ன ஆவது?"

"அது பாட்டுக்கு இருக்கும் மாமா. பேசிக்கலி, யாருக்கும் பதில் வேணாம், யூ நோ, நாம ஏதோ சொல்றோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும். பாதில விட்ருங்க. மீதியை அவங்களே போட்டுக்குவாங்க."

மாமா பாதியில் விடப் பழகினார். எளிதாக இல்லை. வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பார்த்தால் குழந்தையை நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. ஆனாலும் விட்டார். திங்கட்கிழமை திரையில் புதுப் பத்தி வந்தது. கப்பல் கேப்டன் ஏன் பயணத்தைத் தள்ளிப்போட்டார் என்று கேள்வி. அவர் மச்சினனின் முகத்தை எதிரே கற்பனை செய்துகொண்டு, வாயிலேயே ஒருமுறை சொல்லிப் பார்த்து எழுதினார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "பேசிக்கலி, புயல்ல. அவருக்கும் பயம் இருக்கும்ல, யூ நோ."

இயல்புக்கு மூன்று வந்தது. மறுவாரம் நான்கு. அதற்கடுத்து ஐந்து, பக்கத்தில் குறிப்பு: 'அப்பாடா, கடைசியில் ஒரு மனிதர்!' குழுத்தலைவி தண்ணீர் குடிக்காமல் சிரித்தாள். பாட்டுப் பெண் இரண்டு காதையும் கழற்றிவிட்டுக் கை கொடுத்தாள். மாடியில் அவர் நாற்காலி நிலைத்தது. ஆனால் சாயங்காலங்களில் தான் எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது, தன் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ நடந்து போவது போல இருந்தது. நன்றாகத்தான் நடந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினனே சொன்னான். "கல்லறை திருந்திட்டான்கா! இல்ல, ஆளை மாத்திட்டாங்களோ என்னவோ. இப்ப எழுதறவன் நிச்சயம் வெளிநாட்டுல வளர்ந்தவன். படிச்சா எனக்கே என்னைப் படிக்கற மாதிரி இருக்கு."

அது அவனுக்கு மட்டும் தோன்றவில்லை. அடுத்த ஞாயிறு அவன் வந்தபோது செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. முகம் தொங்கிப்போயிருந்தது. சாப்பாட்டை வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தான்.

"என்னடா, பொண்ணு வீட்ல ஏதாவது...?"

"அது இனிமேதான்." தட்டைத் தள்ளினான். "எங்களுக்கு வேலை குடுக்கற கஸ்டமர் கண்டுபுடிச்சிட்டானாம்கா. நான் எழுதற குறிப்பையும் அந்த ஆள் எழுதற பதிலையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கான். ரெண்டும் ஒரே கையாம். ஒரே பேசிக்கலி, ஒரே யூ நோ. நானே திருட்டுத்தனமா இன்னொரு எண்ல பதில் எழுதி, நானே எனக்கு அஞ்சு போட்டுக்கறேன்னு சொல்றாங்க."

"நீ எழுதலைல்ல?"

"சத்தியமா இல்லக்கா! யாரு நம்புவா? இந்த வாரம் பூரா கவனிக்கறாங்க. அந்தப் பாவி இப்படியே எழுதினான்னா வெள்ளிக்கிழமை என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அவன் யாருன்னும் தெரியாது, காலைப் புடிச்சுக் கெஞ்சவும் முடியாது."

சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். ஆனால் செலவு ஒருவருடையது, சூனியம் இன்னொருவருக்கு. முழுவாக்கியம் தட்டில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். மச்சினன் அன்று வகுப்பு எடுக்காமல் போய்விட்டான்.

சமையலறையில் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். இவர் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். அவள் குழாயை மூடினாள்.

"அந்தக் கல்லறை யாருன்னு எனக்குத் தெரியும்."

அவர் டம்ளரைத் துடைத்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவர்தான். ஆனால் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லப் பழகாதவர். "கல்லறை யார் என்று எனக்கும் தெரியும்" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. "அன்னிக்கு நான் சிரிச்சேன் பாருங்க, அப்பவே பாதில தெரிஞ்சுபோச்சு. யாதெனில் நீங்க சொல்லமாட்டீங்கதான், ஆனா எழுதுவீங்க. எனக்கு நீங்க எழுதின கடுதாசியெல்லாம் வேற எப்படி இருந்துச்சு?" ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "பழைய மாதிரி எழுதினா உங்களை என்ன பண்ணுவாங்க?"

"பழைய மாதிரி எழுதினால் என்னைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவார்கள். அங்கே சைக்கிளைச் சுற்றிப் பெட்டி போட வேண்டும்."

"எதுக்கு?"

"எதற்கு என்று எனக்குத் தெரியாது."

"என் தம்பிங்கறதுக்காக நான் எதுவும் சொல்லமாட்டேன்" என்றாள் அவள். "அவன் வாய்க்கு ஒரு வேலை போனாலும் தகும். ஆனா நீங்க மாடியில உக்காந்து எழுதிட்டு வர்ற அன்னிக்கு வீட்டுக்குள்ள நுழையற நடையே வேற. அதையும் நான் பாத்திருக்கேன்." குழாயைத் திறந்தாள். அதற்குமேல் தண்ணீர்தான் பேசியது.

திங்கட்கிழமை காலையில் அவர் ஒரு நடுவழி பார்த்தார். மச்சினனும் தெரியக் கூடாது, கல்லறையும் தெரியக் கூடாது. ஒரு பதில் எழுதினார். படித்தார். மச்சினனுக்குக் காய்ச்சல் வந்து பிதற்றுவது போல இருந்தது. அழித்தார். இன்னொன்று எழுதினார். கல்லறை குடித்துவிட்டுப் பேசுவது போல வந்தது. அதையும் அழித்தார். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைக்கலாம், மொழியில் முடியவில்லை. அவரிடம் இருந்தவை இரண்டே குரல்கள். ஒன்று இரவல்.

பத்தி ஒரு ரயில் நிலையத்தைப் பற்றியது. கடைசி ரயில் போனபிறகும் ஒரு பெண் நடைமேடையிலேயே நிற்கிறாள், கையில் இன்னொருவருடைய குடை. அவள் ஏன் போகாமல் நின்றாள் என்று கேள்வி. பதில், வழக்கம்போல, மேலேயே இருந்தது. அவர் கேள்வியின் வாலைப் பிடித்தார். அதைப் பதிலின் தலையில் வைத்தார். எழுவாய் வந்து நின்றது, காரணம் அதன் பின்னால் வந்தது, துணைவாக்கியம் ஒன்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க, பயனிலை கடைசியாக உள்ளே நுழைந்து விளக்கைப் போட்டது. முற்றுப்புள்ளி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "அண்ணா, ஐயோ!" என்றாள். அவர் அடுத்த கேள்விக்குப் போனார். அந்த வாரம் முழுக்க அப்படித்தான் எழுதினார். தன் வாழ்நாளிலேயே மிக நன்றாக எழுதிய வாரம் அது என்று அவருக்குத் தெரிந்தது. படிக்க இருந்தது ஒரே ஒரு வாசகன், அவன் ஒவ்வொன்றுக்கும் ஒன்று போட்டான். இரண்டுகூட இல்லை.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை குழுத்தலைவி ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்தாள். "ஏன் சார் இப்படிப் பண்ணினீங்க? நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு?" என்றாள். அவர் கதையும் ஒரு பத்தியாக எழுதப்பட்டிருந்தால் அவளே பதிலைக் கண்டுபிடித்திருப்பாள். அவர், "நான் திங்கட்கிழமை முதல் கீழே உட்காருகிறேன்" என்று மட்டும் சொன்னார். முழு வாக்கியம்தான், ஆனால் கேட்டதற்குப் பதில் அல்ல. அவர் வாழ்க்கையில் இப்படி நடப்பது இதுவே முதல்முறை.

கீழ்த்தளத்தில் சைக்கிள்கள் வந்தபடி இருந்தன. சாய்ந்தவை, ஓடுகிறவை, பாதி லாரிக்குப் பின்னால் மறைந்தவை. அவர் ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கமும் நேராகப் பெட்டி போட்டார். அங்கே இயல்புக்கு என்று மதிப்பெண் கிடையாது. சைக்கிள்கள் எல்லாமே இயல்பாகத்தான் இருந்தன.

மறு ஞாயிறு மச்சினன் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தான். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"தப்பிச்சேன்கா! கல்லறை திரும்பி வந்துட்டான்! வேதாளம் மறுபடி ஏறிடுச்சு. அதுவும் எப்படி? முன்ன பத்து யாதெனில்னா, இப்ப நூறு. நான் விடுவேனா? வரிசையா ஒண்ணு ஒண்ணு ஒண்ணுன்னு குத்தினேன். கஸ்டமரே சொல்லிட்டான், 'எழுதறவனும் பாக்கறவனும் ஒரே ஆளா இருந்தா தனக்குத்தானே ஒண்ணு போட்டுப்பானா?'ன்னு. ஒண்ணு போட்டதுல இவ்வளவு சந்தோஷம் எனக்கு எப்பவும் வந்ததில்ல."

"போதும்டா" என்றாள் அக்கா. "சாப்பிடும்போது யாரோ ஒருத்தரை வச்சுச் சிரிக்காத. அவருக்கும் வீட்ல ஆள் இருப்பாங்க."

"அந்த ஆள் பேரே தெரியாதுக்கா! இப்ப ஆளே இல்ல, அந்த நம்பரையே எடுத்துட்டாங்க. அந்த இடம் காலி." இனிப்பை வாயில் போட்டவன் சட்டென்று நிமிர்ந்தான். கண்ணில் ஒரு வெளிச்சம். "மாமா! பேசிக்கலி, நீங்க ஏன் அதுக்குப் போகக் கூடாது? இத்தனை வாரம் நான் சொல்லிக் குடுத்திருக்கேன்ல. அந்த ஆள் மாதிரியா நீங்க? நான் ஒரு வார்த்தை சொன்னா எடுத்துப்பாங்க. என்ன சொல்றீங்க?"

மனைவி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். பரிமாறவும் இல்லை, எடுக்கவும் இல்லை. கேள்வி தெளிவாக இருந்தது. வாலும் இருந்தது, பிடிக்கத் தோதாக. அவர் மச்சினனின் முகத்தைப் பார்த்தார். அதில் கபடம் துளிகூட இல்லை, கன்னத்தில் சர்க்கரை ஒட்டியிருந்தது.

"பாக்கலாம்" என்றார்.

மச்சினன் தொடையில் தட்டிக்கொண்டான். "பாத்தியாக்கா? என்ன நேச்சுரல்! இதுக்கே அஞ்சுக்கு அஞ்சு போடலாம்."

அவள் தம்பிக்குச் சோறு போட்டாள். போதும் என்று அவன் சொன்ன பிறகும் போட்டுக்கொண்டே இருந்தாள்.